இரண்டு வெபர், ஒரு பெடல்: ஃபோக்ஸ்வாகன் 1600 எஞ்சினில் ஹெக்ஸ் பார் லிங்கேஜ் அமைக்கும் வேலை

ஐட்லிங்கில் இரண்டு பக்கமும் அழகாக ஒத்துப்போகும். 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் வண்டி குதிக்கும். அரை மணி ஓட்டியபின் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் 1,500-இலேயே தொங்கும். இப்படி ஒரு இரட்டைக் கார்புரேட்டர் பீட்டில் வந்து நின்றால் முதலில் கழற்றப்படுவது பெட்ரோலை அளந்து விடும் ஜெட்தான். ஜெட் பாவம், பெரும்பாலும் அதன்மேல் ஒரு தப்பும் இருக்காது. பெடல் கேபிளுக்கும், காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டான பட்டர்ஃப்ளைக்கும் நடுவே இருக்கும் நாலு கம்பி, எட்டு மூட்டு இவற்றில்தான் கோளாறு. லிங்கேஜ் எனப்படும் அந்த நாலு கம்பியை ஒழுங்காக அமைக்கும் வேலைதான் இந்தப் பதிவு.

எடுத்துக்கொண்ட எஞ்சின் பீட்டிலின் டைப் 1: 85.5 மிமீ போர், 69 மிமீ ஸ்ட்ரோக், 1,584 சிசி, ட்யுவல் போர்ட் ஹெட். கம்பெனியிலிருந்து வந்தபோது நடுவில் ஒரே ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர். அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஹெட்டின் மேலும் ஒரு வெபர் 40 ஐடிஎஃப் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு பேரல், அதாவது காற்றுக் குழல். வலப்பக்கம் இருப்பது 1, 2-ஆம் சிலிண்டர்களுக்கு, இடப்பக்கம் 3, 4-க்கு. ஆக, ஒரு சிலிண்டருக்கு ஒரு பேரல். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே கார்புரேட்டர் இருந்தபோது நாலு சிலிண்டரும் ஒரே வாயிலிருந்து குடித்தன. திறப்பு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் நாலுக்கும் பொது. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி வாய். இடப்பக்கம் ஒரு நூல் அதிகம் திறந்தால் அதை ஈடுகட்ட யாரும் இல்லை.

ராஜ்தூத் 350 பைக்கில் இரண்டு கார்புரேட்டரையும் ஒத்திசைத்துப் பழகிய கைகளுக்கு இது அதே வேலைதானே என்று தோன்றும். அங்கே இருப்பது மேலும் கீழும் நகரும் ஸ்லைடு. கேபிள் 1 மிமீ ஏறினால் ஸ்லைடும் 1 மிமீ ஏறும், எந்த இடத்திலும் அதே கணக்கு. இங்கே கேபிள் இழுக்கும் குறுக்குக் கம்பியான பாரும் சுற்றுகிறது, பட்டர்ஃப்ளை லீவரும் சுற்றுகிறது. அதே 1 மிமீ நகர்வு தொடக்கத்தில் ஒரு திறப்பைத் தரும், நடுவில் வேறொரு திறப்பைத் தரும். அதனால் ஒரு இடத்தில் ஒத்துப்போனது இன்னொரு இடத்திலும் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் கிடையாது. கம்பி நீளத்தைத் திருத்தினால் ஐட்லிங் சரியாகும். மற்ற இடங்கள் சரியாக வேண்டுமானால் கோணங்கள் சரியாக இருக்க வேண்டும்.

ஹெக்ஸ் பார் லிங்கேஜின் உறுப்புகள் சொற்பம். 3/8 அங்குல, அதாவது 9.5 மிமீ அறுகோண அலுமினியக் கம்பி ஒன்று இரண்டு கார்புரேட்டர்களின் மேலும் குறுக்கே படுத்திருக்கும். இரு முனையிலும் பந்து போன்ற மூட்டு. அவை ஏர் ஃபில்டர் தட்டிலோ தனி பிராக்கெட்டிலோ உட்காரும். பாரின் மேல் மூன்று கைகள்: ஒன்றைக் கேபிள் இழுக்கும், மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் ராடை அசைக்கும். ராடின் இரு முனையிலும் பால் ஜாயிண்ட், ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. கீழே பட்டர்ஃப்ளை லீவர். பாரின் கை வண்டியின் நீளவாக்கில் சுற்றும். ஐடிஎஃப்-இன் ஷாஃப்ட் முன்பின்னாகப் படுத்திருப்பதால் அதன் லீவர் குறுக்குவாக்கில் சுற்றும். இரண்டும் வெவ்வேறு தளம். பால் ஜாயிண்ட் இல்லாமல் வெறும் துளையில் வளைத்த கம்பியை மாட்டினால் எங்காவது ஒரு இடத்தில் இறுகும்.

1 டிகிரி எவ்வளவு பெரியது

பட்டர்ஃப்ளை மூடியதிலிருந்து முழுத் திறப்பு வரை ஏறத்தாழ 80 டிகிரி சுற்றும். அதில் ஐட்லிங்குக்குத் தேவைப்படுவது மூடிய நிலையிலிருந்து ஓரிரு டிகிரி மட்டுமே. அதற்குச் சற்று மேலே பேரல் சுவரில் ப்ரோக்ரஷன் துளைகள் இருக்கின்றன. தட்டின் விளிம்பு அவற்றைத் தாண்டினால் பெட்ரோல் அங்கிருந்தும் வர ஆரம்பிக்கும். ஒரு பக்கம் 1 டிகிரி கூடுதலாகத் திறந்திருந்தால் அந்தப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் ப்ரோக்ரஷனில் ஓடும், மறுபக்கத்து இரண்டும் இன்னும் ஐடில் துளையில் நிற்கும். சுமையை ஒரு பக்கம் தாங்க, மறுபக்கம் இழுபட்டுக்கொண்டே வரும்.

லீவரின் நீளம் ஷாஃப்ட் மையத்திலிருந்து 30 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் 1 மிமீ ஆட்டம் என்றால் 1.9 டிகிரி. தேய்ந்த பால் ஜாயிண்ட் ஒன்றே அரை மில்லிமீட்டர் ஆடும். கையால் தொட்டால் 'லேசா பிளே இருக்கு' என்று சொல்லிக் கடந்துவிடுகிற அளவுதான் அது. ஐட்லிங்குக்கு அதுவே மலை. ஆகவே மூட்டில் ஆட்டம் இருந்தால் ட்யூனிங்கில் இறங்க வேண்டாம். ஆட்டம் உள்ள லிங்கேஜை ஒத்திசைத்தால், அந்த ஒத்திசைவு அடுத்த முறை பெடலை விடும்வரைதான் நிற்கும்.

கைவைக்கும் முன்

வால்வ் கிளியரன்ஸ் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மிமீ. இக்னிஷன் டைமிங்: 009 வகை டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் மொத்தம் 28 முதல் 32 டிகிரி. பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவில். ஐடிஎஃப்-இன் நீடில் வால்வ் அதற்கு மேல் தாங்காது. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மீட்டரில் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

கூடவே ஒன்று. ஒவ்வொரு கார்புரேட்டரிலும் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் அதன் வழியே காற்று புகும், தட்டும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து மூடும். அப்படியானால் லிங்கேஜை விட்டுவிட்டு முதலில் கார்புரேட்டருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் கோணம்

நேரத்தில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்துக்கே கொடுக்கலாம். இது சரியாக முடிந்தால் எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் வேலை இருபது நிமிடத்தில் முடியும்.

முதலில் பாரின் உயரம். இரு முனையிலும் பாரின் மையத்திலிருந்து பட்டர்ஃப்ளை ஷாஃப்டின் மையம் வரை வெர்னியரால் அளக்க வேண்டும். வித்தியாசம் 1 மிமீக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் பிராக்கெட்டுக்குக் கீழே வாஷர் வைத்து உயர்த்தலாம். ஏர் ஃபில்டர் தட்டின் மேலேயே மூட்டு உட்கார்ந்திருந்தால் அந்தத் தட்டை முழுவதும் இறுக்கிய பின்தான் அளக்க வேண்டும். தட்டு மெல்லியதாக இருந்து வளைந்துகொடுத்தால், பெடலை மிதிக்கும்போது பார் மேலே எழும்பும்; அதைப் பக்கத்தில் நின்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து கைகள். பாரைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் கிடத்துங்கள். இரண்டு ராட் கைகளின் நுனியும் ஒரே சமயத்தில் பலகையைத் தொட வேண்டும். அறுகோணம் என்பதால் கைகள் 60 டிகிரிக்கு ஒரு இடத்தில்தான் உட்காரும், தப்பவே வழியில்லை என்று நினைப்போம். ஆனால் கையின் துளை பாரைவிடச் சற்றுப் பெரிது. அந்த இடைவெளியில் ஒரு கை முன்னும் ஒரு கை பின்னும் சாய்ந்தபடி, கையைப் பாரோடு பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ இறுகினால், வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே ஸ்க்ரூவை இறுக்கும்போது இரண்டு கையையும் பெடல் மிதித்தால் சுமை வரும் திசையிலேயே, ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். கிரப் ஸ்க்ரூ பாரின் தட்டையான முகத்தில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் அலுமினியத்தைக் கடித்து ஒரு பள்ளம் உண்டாக்கும். பிறகு எங்கே நகர்த்தினாலும் அந்தப் பள்ளத்துக்கே திரும்பி வழுக்கும்.

கையின் தொடக்கக் கோணம் ஓட்டுபவரின் ரசனையைப் பொறுத்தது. த்ராட்டில் மூடியிருக்கும்போது கை படுக்கையாக, அதாவது ராடுக்குச் செங்குத்தாக இருந்தால், பெடலைத் தொட்டதும் திறப்பு பாயும். நகர நெரிசலில் வண்டி துள்ளும். கையைத் தொடக்கத்தில் 40 டிகிரி அளவு பின்னுக்குச் சாய்த்து, பாதிப் பயணத்தில் செங்கோணத்துக்கு வரும்படி வைத்தால் ஆரம்பம் மெதுவாகவும் நடு வேகமாகவும் இருக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டாவதே நல்லது. இன்னும் அதிகம் சாய்த்து கையும் ராடும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் அங்கே ஒரு டெட் சென்டர். பெடல் அழுந்தும், எதுவும் திறக்காது, பிறகு திடீரெனத் திறக்கும். அந்த எல்லைக்கு 30 டிகிரி முன்பே நின்றுகொள்வது உத்தமம்.

இப்போது ராடு. பின்பக்கமிருந்து பார்த்தால், த்ராட்டில் மூடியிருக்கும்போது இரண்டு ராடும் செங்குத்தாகத் தொங்க வேண்டும். ஒரு நூலில் நட் கட்டித் தூக்குக்குண்டாகப் பிடித்துப் பார்த்து, கைகளை பாரின்மேல் இடவலமாக நகர்த்திச் சரிசெய்யலாம். இரண்டு பக்கத்து லீவரும் கண்ணாடி பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிராக நிற்க வேண்டும்: இரண்டும் வெளியே பார்க்க வேண்டும் அல்லது இரண்டும் உள்ளே பார்க்க வேண்டும். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருந்தால் அந்த லிங்கேஜ் நடுத் திறப்பில் ஒத்துப்போகவே போகாது.

செங்குத்து எதற்கு இவ்வளவு முக்கியம்? எஞ்சின் சூட்டில் அகலமாகிறது. டைப் 1-இன் எஞ்சின் கூடு மெக்னீசியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒவ்வொன்றின் விரிவையும் கூட்டிப் பார்த்தால் குளிருக்கும் முழுச் சூட்டுக்கும் நடுவே இரண்டு கார்புரேட்டர்களும் ஒன்றைவிட்டு ஒன்று 1 மிமீக்குச் சற்று மேல் விலகும். பக்கத்துக்கு 0.6 மிமீ என்று வைத்துக்கொள்வோம். காற்றில் படுத்திருக்கும் பார் அவ்வளவு சூடாகாது, அது தன் நீளத்திலேயே இருக்கும். 80 மிமீ நீளமுள்ள ராடு செங்குத்தாக இருந்தால், அதன் கீழ்முனை 0.6 மிமீ பக்கவாட்டில் நகர்வதால் உயரத்தில் ஏற்படும் மாற்றம் மைக்ரான் கணக்கு, மறந்துவிடலாம். அதே ராடு 20 மிமீ சாய்ந்திருந்தால் உயர மாற்றம் 0.15 மிமீ. 30 மிமீ லீவரில் அது 0.3 டிகிரி. இரண்டு ராடும் சமச்சீராக வெளிப்பக்கமாகவோ உள்பக்கமாகவோ சாய்ந்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரி மாறும், ஐட்லிங் மட்டும் கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டும் வலப்பக்கமாகவே சாய்ந்திருந்தால்? ஒரு பக்கம் திறக்கும், மறுபக்கம் மூடும், வித்தியாசம் 0.6 டிகிரி. காலையில் குளிரில் ஒத்திசைத்த எஞ்சின் மதியம் மாறிப்போவதற்குக் காரணம் இதுதான்.

இதே விரிவினால்தான் பாருக்கு நீளவாக்கில் ஆட்டம் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார் இறுக்கமாக நிற்க வேண்டியதில்லை, ஆனால் மூட்டிலிருந்து கழன்று விழவும் கூடாது. சூட்டில் இருபுறமும் பிராக்கெட் விலகுவதால், பந்து எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1.5 மிமீ வெளியே வந்தாலும் கிண்ணத்துக்குள் இருக்கிறதா? ஒரு முனையில் ஸ்பிரிங் வைத்த மூட்டு உள்ள கிட் என்றால் கவலை குறைவு. இரு முனையும் கெட்டியான கிட்டில், பாரை நீளமாக வெட்டித் திணித்திருப்பார்கள். குளிரில் அது பிராக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டு இறுகும், பெடல் கனமாக இருக்கும், சூடானதும் சரியாகிவிட்டது போலத் தோன்றும். மாறாகக் கிளிப் போட்டு இரு முனையும் பிடித்திருந்தால் சூட்டில்தான் இழுபட்டு இறுகும். த்ராட்டில் முழுதாகத் திரும்பாது. முதல் பத்தியில் சொன்ன 1,500 ஆர்பிஎம் தொங்கல் இங்கிருந்தும் வரலாம்.

இரண்டு ராடையும் பால் ஜாயிண்ட் மையத்திலிருந்து மையம் வரை ஒரே நீளத்துக்கு வெர்னியரால் அளந்து வையுங்கள். பிறகு திருத்தம் எல்லாம் ஒரே ஒரு ராடில் மட்டும். வலப்பக்க ராடைத் தேர்ந்தெடுத்தால் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மாறி மாறித் திருகினால் தொடங்கிய இடம் எதுவென்றே தெரியாமல் போகும்.

எஞ்சினை ஓடவிடாமலேயே கோணத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு கார்புரேட்டரிலும் ஐட்லிங் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூ லீவரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். ராடுகளை மாட்டுங்கள். இடப்பக்கம் ஸ்க்ரூ நுனிக்கும் லீவருக்கும் நடுவே ஒரு 2 மிமீ டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைச் செருகுங்கள். வலப்பக்கத்திலும் அதே 2 மிமீ தண்டு அதே இறுக்கத்தில் நுழைய வேண்டும். பிறகு 4 மிமீ, 6 மிமீ. மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் ராடு நீளம் மட்டும் பிசகு, திருகிச் சரிசெய்துவிடலாம். 2-இல் சரியாக இருந்து 6-இல் மாறினால் கோணம் பிசகு. அதை எந்த ராடைத் திருகியும் சரிசெய்ய முடியாது. திரும்பக் கண்ணாடிப் பலகைக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்பிரிங்கும் முறுக்கமும்

ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனியாக ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் கட்டாயம். ஒரு ராடு கழன்று விழுந்தாலும் அந்தப் பக்கம் தானாக மூட வேண்டும். பாரில் ஒரே ஒரு பெரிய ஸ்பிரிங் போட்டு இரண்டையும் மூடவைப்பது சோம்பேறி வேலை, ஆபத்தும்கூட. இதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

அதற்காக ரொம்பப் பலமான ஸ்பிரிங்கும் வேண்டாம். அலுமினிய பார் முறுக்கும். 30 மிமீ கையின் நுனியில் 2 கிலோ இழுவை இருந்தால், 300 மிமீ நீளத்தில் 9.5 மிமீ அலுமினிய அறுகோணக் கம்பி 0.4 டிகிரி அளவு முறுக்கிக்கொள்ளும். கேபிள் கை பாரின் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கும், பிரச்சினை இல்லை. கேபிள் கை ஒரு முனைக்குப் பக்கத்தில் இருந்து, மறுபக்கத்து ராடு 500 மிமீ தள்ளி இருந்தால், அந்தத் தூரப் பக்கம் 0.7 டிகிரி பின்தங்கும். ஃபேன் ஹவுசிங்கின் வழியே வரும் கேபிள் குழாய் எங்கே இருக்கிறதோ அதற்கு நேராகத்தான் கையை வைக்க முடியும் என்பதால், இது நம் கையில் முழுவதும் இல்லை. ஸ்பிரிங்கை மென்மையாக்குவது நம் கையில் இருக்கிறது. அதே அளவு எஃகு பார் போட்டால் முறுக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; கொஞ்சம் எடை கூடும், துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தய வண்டி இல்லையென்றால் எஃகையே சொல்வேன்.

கேபிள்

இதைத் தனியாள் செய்ய முடியாது; ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டும். அப்போது பட்டர்ஃப்ளைகள் முழுவதும் நிமிர்ந்திருக்க, லீவருக்கும் கார்புரேட்டரில் உள்ள முழுத்திறப்பு நிறுத்தத்துக்கும் நடுவே 1 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். பெடல் தரையில் முட்டி நிற்க வேண்டும், கார்புரேட்டரில் முட்டி நிற்கக் கூடாது. 1 மிமீ விடாமல் கேபிளைக் கட்டினால் ஓட்டுபவரின் கால் பலம் முழுவதும் லீவரிலும் ஷாஃப்டிலும் கிரப் ஸ்க்ரூவிலும் விழும். ஒரு வாரத்தில் கை வழுக்கும். ஒத்திசைவு காணாமல் போகும். பெடலை விட்டதும் கேபிளில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். கேபிள் முறுக்கேறி நின்றால் சூடான எஞ்சினில் ஐட்லிங் ஏறும்.

சூடான எஞ்சினில் மீட்டரோடு

இருபது நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் சூடாக்கினால் போதாது. பிறகு வலப்பக்க ராடை லீவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது இரண்டு கார்புரேட்டரும் சுதந்திரம்.

காற்றோட்டம் அளக்க நத்தை வடிவ மீட்டரே போதும். மணிக்கு எத்தனை கிலோ காற்று என்று முள் காட்டும். ஒவ்வொரு பேரலின் மேலும் ரப்பர் வளையத்தோடு வைத்து, எஞ்சின் வேகம் சரியும் முன் படித்துவிட்டு எடுங்கள். 900 ஆர்பிஎம்மில் 1,584 சிசி எஞ்சினுக்கு ஒரு பேரலுக்கு 3 முதல் 5 வரை வரும். எண் எதுவாக இருந்தாலும் நாலும் ஒன்றாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

முதலில் ஒரே கார்புரேட்டருக்குள் இருக்கும் இரண்டு பேரல். அதிகம் காட்டும் பேரலில், தட்டைச் சுற்றிக் காற்று விடும் ஏர் பைபாஸ் ஸ்க்ரூ முழுவதும் மூடியிருக்கட்டும். குறைவாகக் காட்டுவதன் ஸ்க்ரூவை மெல்லத் திறந்து முதலாவதோடு சமப்படுத்தி லாக் நட்டை இறுக்குங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பைபாஸால் மறைக்க வேண்டாம்; ஷாஃப்ட் முறுக்கியிருக்கிறது அல்லது அந்தச் சிலிண்டரில் வால்வோ கேஸ்கெட்டோ பேசுகிறது. பிறகு இரண்டு கார்புரேட்டரையும் ஐடில் ஸ்க்ரூக்களால் சமமாக்குங்கள். ஸ்க்ரூ லீவரைத் தொட்ட இடத்திலிருந்து அரைத் திருப்பு, மிஞ்சினால் முக்கால். அதற்கு மேல் திருப்பினால்தான் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது என்றால் தட்டு ப்ரோக்ரஷன் துளைகளைத் திறந்துவிட்டது. ஐடில் ஜெட் அடைப்பையும் டைமிங்கையும் பார்க்க வேண்டிய நேரம் அது.

ஐட்லிங்கில் பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவுக்கு வருவோம். ஒரு சிலிண்டரை எடுத்து, சுருதி இறங்கும்வரை மெல்ல உள்ளே திருகுங்கள். பிறகு வெளியே திருகும்போது சுருதி ஏறி ஒரு இடத்தில் நிலைக்கும். நிலைத்த முதல் இடத்திலேயே நிறுத்துங்கள். நாலுக்கும் இதே. ஐட்லிங் ஏறியிருந்தால் இரண்டு ஐடில் ஸ்க்ரூவையும் ஒரே அளவு குறைத்து மறுபடி மீட்டர் வையுங்கள்.

இப்போது வலப்பக்க ராடைப் பூட்டும் தருணம். பால் ஜாயிண்டின் துளையும் லீவரின் துளையும் தானாக நேருக்கு நேர் வர வேண்டும். பூட்டும்போது லீவர் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. ஐடில் ஸ்க்ரூவை விட்டு எழும்பினால் ராடு நீளம் தப்பு. எம்6 மரை, 1 மிமீ பிட்ச், ஒரு முனை இடது மரை என்பதால் ஒரு முழுத் திருப்பு 2 மிமீ. ராடின் அறுகோணத்தில் ஒரு முகம் திருப்பினாலே 0.33 மிமீ, லீவரில் 0.6 டிகிரி. ஆகவே அரை முகம், கால் முகம் என்றுதான் நகர வேண்டும். 'ஒரு சுத்து சுத்திப் பார்ப்போம்' என்பது இங்கே செல்லாது.

பூட்டியதும் கேபிள் கையில் ஒரு ஆப்பு வைத்து 2,500 முதல் 3,000 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். பெல்ட் சுழல்கிறது, டையும் துப்பட்டாவும் அந்தப் பக்கம் வேண்டாம். இருபக்கமும் அளங்கள். இங்கே வித்தியாசம் இருந்தால் வலப்பக்க ராடில் அரை முகம். பிறகு திரும்ப ஐட்லிங். ஐட்லிங்கில் ஒத்து 3,000-இல் ஒவ்வாமல், 3,000-இல் ஒத்து ஐட்லிங்கில் ஒவ்வாமல் இழுத்தடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். டிரில் பிட் சோதனையைத் தாண்டித் தப்பிவந்த கோணப் பிசகு அது. எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டால், ஓட்டும்போது நாம் இருப்பது 3,000 பக்கத்தில்தான். தற்காலிகமாக அதைச் சரியாக வைத்து ஐட்லிங்கை ஐடில் ஸ்க்ரூவால் பார்த்துக்கொள்ளலாம்.

லாக் நட் இறுக்கும்போது ராடு கூடவே சுற்றும். ஒரு ஸ்பேனரால் ராடைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இரு முனைப் பால் ஜாயிண்டுகளின் முகமும் தத்தம் லீவருக்கு இணையாக, ஆட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஒன்று ஓரத்துக்குத் திரும்பிவிட்டால் அரைத் திறப்புக்கு மேல் அதன் கழுத்து லீவரில் முட்டும். இடது மரை நட்டில் பெயிண்டால் ஒரு பொட்டு வையுங்கள். அடுத்து கைவைப்பவர் தலைகீழாக முறுக்கி மரையைக் கெடுக்காமல் இருப்பார்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெடலை விட்டபின் ஐட்லிங் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் நின்றால் மூட்டில் பிளே அல்லது வலுவற்ற ஸ்பிரிங். வலப்பக்க ராடைக் கழற்றினால் சரியாகி, பூட்டினால் திரும்ப வந்தால் குற்றவாளி பார். பெடலைத் தொட்டதும் ஒரு பக்கக் கார்புரேட்டர் மட்டும் 'டப்' என்று துப்பினால் அந்தப் பக்கம் தாமதமாகத் திறக்கிறதா என்று பாருங்கள்; ஐடில் ஜெட் அடைப்பும் இதே சத்தம் தரும், ஆனால் அது ஒரே சிலிண்டரில் வரும், லிங்கேஜ் கோளாறு இரண்டு சிலிண்டரிலும் வரும். நாலைந்து வாரத்தில் ஒத்திசைவு மெல்ல நழுவினால் கிரப் ஸ்க்ரூ. குளிரில் சரி, சூட்டில் தப்பு என்றால் ராடு சாய்வு அல்லது பாரின் நீளம். முழு மிதியில் மட்டும் இழுவை இல்லை என்றால் யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு இரண்டு லீவரும் நிறுத்தத்தை நெருங்குகின்றனவா என்று கண்ணால் பார்த்தாலே போதும். ஜெட் மாற்றும் செலவு மிச்சம்.

நடுவில் இழுப்பின் திசையைத் திருப்பும் ஒரு பெல் கிராங்க் வைத்து இரு பக்கமும் படுத்த ராடுகளால் இழுக்கும் அமைப்புக்குச் சூட்டுக் கணக்கு வேறு. ஃபோக்ஸ்வாகன் தன் டைப் 3-இல் கம்பெனியிலேயே இரட்டைக் கார்புரேட்டர் கொடுத்தபோது எடுத்துக்கொண்டது இந்த வழியைத்தான். இங்கே ராடு விரிவின் திசையிலேயே படுத்திருக்கிறது. கார்புரேட்டர் 0.6 மிமீ விலகினால் அந்த 0.6 மிமீயும் முழுதாக லீவருக்குப் போகும், 30 மிமீ லீவரில் 1.1 டிகிரி. ராடு உள்பக்கம் இழுத்துத் திறக்கும் வகை என்றால் சூட்டில் இரண்டும் சேர்ந்து திறக்கும், ஐட்லிங் ஏறும். எனவே அதில் குளிரின்போது இருபக்கமும் ஒரே அளவு தளர்வு விட்டு, சூட்டில் அது மறையும்படி வைக்க வேண்டும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் கிரப் ஸ்க்ரூக்களையும் லாக் நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பால் ஜாயிண்டுக்குக் கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடித்து அரைக்கும். உலர்ந்துவிடும் வகை ஸ்ப்ரே ஒரு துளி போதும். ஓடும்போது எப்போதாவது த்ராட்டில் திறந்தபடி சிக்கிக்கொண்டால் கிளட்சை மிதித்துவிட்டு சாவியை ஒரு கட்டம் மட்டும் பின்னால் திருப்புங்கள். முழுவதும் திருப்பி உருவினால் ஸ்டீயரிங் லாக் உள்ள மாடல்களில் அது பூட்டிக்கொள்ளும்.